கழனிக்கு மட்டும் அடிக்கும் தப்பட்டை

செய்யூருக்குத் தெற்கே நெடுங்கழனி காலனியில் ஐப்பசி நடவு பாதி நடந்துகொண்டிருந்தபோது ராஜேந்திரன் லீவு போட்டுவிட்டு வந்தான். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே திருவேங்கடம் என்ற மேஸ்திரியின் கீழ் அவனுக்குக் கம்பி கட்டும் வேலை. புதுப்பட்டினத்தில் ஒரு தகரக் கொட்டகையில் மற்ற ஆட்களோடு தங்கியிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வருவான். இந்தத் தடவை வார நடுவில் வந்ததற்குக் காரணம், அவனுடைய கழனிக்கு நடவு முறை வந்திருந்ததுதான்.

காலனிக்காரர்களுக்குச் சொந்தக் கழனி கிடைத்து அதிக காலம் ஆகவில்லை. ஏரிக்குக் கீழே தரிசாகக் கிடந்த புறம்போக்கை அரசாங்கம் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்திருந்தது. கூலிக்கு ஆள் வைத்து நடும் வசதி ஒருவருக்கும் இல்லை. அதனால் இன்றைக்கு உன் கழனி, நாளைக்கு என் கழனி என்று எல்லோரும் எல்லோருடைய கழனியிலும் இறங்கினார்கள். கழனிக்காரர் வீட்டில் மத்தியானச் சோறு, அவ்வளவுதான். நடவு முடிகிற வரைக்கும் ஏசுதாஸ் வரப்பில் நின்று தப்பட்டை அடிப்பான்.

அந்தத் தப்பட்டை ஒரு காலத்தில் ஊரார் வீட்டுச் சாவுகளுக்கெல்லாம் போன தப்பட்டை. இனி எவர் வீட்டுச் சாவுக்கும் அடிப்பதில்லை என்று காலனி கூடி முடிவெடுத்த அன்று, தப்பட்டையையே கொளுத்திவிடலாம் என்று சில வாலிபர்கள் சொன்னார்கள். குறுக்கே போய் நின்றவள் வேண்டா என்ற ராஜேந்திரனின் மனைவிதான்.

"சாவுக்கு அடிச்சது அவங்களுக்கு. கழனிக்கு அடிக்கிறது நமக்கு. நம்முளுத எதுக்குக் கொளுத்தணும்?" என்றாள்.

அன்றிலிருந்து அது கழனிக்கு மட்டும் அடிக்கும் தப்பட்டை ஆயிற்று. பெண்டாட்டி பத்துப் பேர் நடுவில் எழுந்து பேசியதில் அப்போது ராஜேந்திரனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இந்த நடவில்தான் அவனுக்கு வேறு மாதிரி ஆனது. வீட்டில் இருந்த வருடங்களில் அவனும் ஆம்பிளைகளோடு நாற்றுக்கட்டு சுமந்திருக்கிறான். பாட்டும் மேளமும் காற்று மாதிரி, வெயில் மாதிரி சும்மா கூடவே இருந்தன. வெளியே போய் வந்த காதுக்கு அவை தனியாகக் கேட்டன. வரிசையாகக் குனிந்த பெண்கள் பின்னால் நகர்ந்து நகர்ந்து நட, வேண்டா முதல் அடியை எடுத்துக் கொடுத்தாள்.

"ஏரித் தண்ணி எறங்கி வருது
எட்டி வையிடி தங்கச்சி..."

மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். தப்பட்டை கூடவே போனது. அது மட்டும் என்றால் பரவாயில்லை. பாட்டின் நடுவே வேண்டா மூச்சு வாங்க நிறுத்தினால் தப்பட்டையும் நின்றது. அவள் இழுத்தால் அதுவும் இழுத்தது. அடுத்த அடியை அவள் வேகமாக எடுக்கப் போகிறாள் என்பது அவள் வாய் திறப்பதற்கு முன்பே ஏசுதாஸின் கைக் குச்சிக்குத் தெரிந்திருந்தது. ராஜேந்திரன் நாற்றுக்கட்டோடு வரப்பிலேயே நின்றுவிட்டான். அவள் மூச்சு எங்கே முடியும் என்று அவள் புருஷனான தனக்குத் தெரியாது. இவனுக்குத் தெரிந்திருக்கிறது.

தப்பாக ஒன்றும் இல்லை என்று அவனே பார்த்துக்கொண்டிருந்தான். ஏசுதாஸ் ஒரு தரம்கூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளோ குனிந்த தலை நிமிரவில்லை. அவனை அவள் அண்ணே என்று கூப்பிடுவாள். அந்த முறையில் ஏசுதாஸ் ராஜேந்திரனை மச்சான் என்பான். ஏசுதாஸின் பெண்டாட்டி ஜெசிந்தாவும் அதே வரிசையில்தான் நட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் வெட்டவெளியில், பட்டப்பகலில். ஆனாலும் ராஜேந்திரனுக்கு வயிறு எரிந்தது. தப்பாக ஏதாவது இருந்திருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். இதை யாரிடம் போய்க் கேட்பது?

வீட்டுக்கு வந்ததும் வேண்டா கால் கழுவிக்கொண்டிருக்கும்போது சொன்னான்.

"கழனில பாடினியே, அத இங்க ஒரு தபா பாடு, கேக்கலாம்."

"அய்ய, வூட்ல எப்டி வரும்? கால் கீய சேறு இருந்தாத்தான் அது வரும்."

"நான் தட்றேன், பாடு" என்று பித்தளைத் தவலையைக் கவிழ்த்து வைத்துத் தட்டினான். அவள் அவனுக்காக ஒரு அடி பாடிப் பார்த்தாள். அவன் தட்டு ஒரு பக்கம் போனது, அவள் பாட்டு ஒரு பக்கம் போனது. அவள் சிரித்துவிட்டாள். "வுடுய்யா, தவல ஒடுங்கிடப் போவுது."

சாதாரணச் சிரிப்புதான். அது அவனுக்குள் போய் ஆணி மாதிரி இறங்கிவிட்டது.

கல்பாக்கத்துக்குத் திரும்பியதும் மேஸ்திரியிடம் ஏசுதாஸுக்கு ஒரு வேலை கேட்டான். நல்ல உழைப்பாளி, குடி கிடையாது என்றெல்லாம் புகழ்ந்தான். அதில் ஒன்றும் பொய் இல்லை. திருவேங்கடம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஆளு வேணும்தான். இப்பவே வந்தாலும் சரி, நடவு கிடவு கீதுன்னா முடிச்சிட்டுப் பொங்கல் கழிச்சி வந்தாலும் சரி. எடம் வெச்சிருக்கேன்" என்றார்.

ராஜேந்திரன் அந்த ஞாயிற்றுக்கிழமை நேராக ஏசுதாஸ் வீட்டுக்குப் போனான். விஷயத்தைச் சொன்னதும் ஜெசிந்தா முகம் மலர்ந்து, முந்தானையால் பலகையைத் துடைத்து உட்காரச் சொன்னாள். ஏசுதாஸ்தான் தயங்கினான்.

"நல்ல சேதி மச்சான். ஆனா இன்னும் அஞ்சாறு வூட்டுக் கழனி பாக்கி கீது. சந்திரம்மா அத்தையுது கடசீல கீது. நடவு முடியட்டும், வந்துட்றேன்."

"அதுவரைக்கும் மேஸ்திரி வெச்சிகினு இருக்க மாட்டாரு. நாளைக்கே வந்தாத்தான் வேலன்னு சொல்ட்டாரு."

சொல்லும்போது ராஜேந்திரன் கூரையில் செருகியிருந்த அரிவாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏசுதாஸ் யோசிப்பதற்குள் ஜெசிந்தா முந்திக்கொண்டாள். "இன்னாத்துக்கு யோசன? கெளம்புய்யா. மேளத்த யாராவது அடிப்பாங்க."

காலனி முழுக்க ராஜேந்திரன் பேச்சாகத்தான் இருந்தது. தான் மட்டும் சம்பாதித்தால் போதும் என்று இருக்காமல் இன்னொருத்தனையும் கைதூக்கிவிட்டான் என்றார்கள். வேண்டாவும், "நல்ல காரியம் பண்ண" என்றாள். அவள் முகத்தில் ஏதாவது வாட்டம் தெரிகிறதா என்று அவன் உற்றுப் பார்த்தான். ஒன்றும் இல்லை. இல்லாததும் அவனுக்கு நிம்மதியாக இல்லை. வாட்டத்தை அவள் ஒளித்துவைத்திருக்கிறாளோ என்று தோன்றியது.

கொட்டகையில் ஏசுதாஸ் வந்து சேர்ந்த முதல் சாயங்காலமே எல்லோருக்கும் வேண்டியவனாகிவிட்டான். வேலை விட்டு வந்து குளித்ததும் காலி பெயின்ட் டப்பா ஒன்றை மடியில் வைத்துத் தட்டுவான். ஒருவன் பாடுவான், இன்னொருவன் எழுந்து ஆடுவான். திண்டிவனத்துப் பக்கத்து ஆட்கள், ஆந்திரா ஆட்கள், எல்லோரும் அவனைச் சுற்றித்தான். பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் விற்க வருகிற தேசப்பன்கூட கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவான். அத்தனை நாள் கூடவே படுத்து எழுந்த தன்னை ஒருவரும் இப்படிச் சுற்றி உட்கார்ந்ததில்லை என்பது ராஜேந்திரனுக்கு அப்போதுதான் உறைத்தது. கழனியிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்து தன் பாய்க்குப் பக்கத்திலேயே நட்டு வைத்துக்கொண்டோமே என்று நொந்துகொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கான்கிரீட் போடும் வேலை இருந்ததால் ஏசுதாஸை நிறுத்திக்கொண்டார்கள். ராஜேந்திரன் மட்டும் ஊருக்குப் போனான். வேண்டா அடுப்பில் எரிந்துகொண்டிருந்த விறகைத் தள்ளியபடி பொரிந்தாள்.

"மேளம் கேட்டா எல்லாரும் ஒண்ணா கெளம்பி வருவாங்க. இப்ப ஒருத்தி விடியறப்பவே வர்றா, ஒருத்தி வெயிலேறி வர்றா. முன்னால வந்தவ, நான் இன்னா உனக்குக் கூலியாளான்னு கேக்கறா. கால் ஒத்து வரல, வரிச கோணிகினு போவுது, ஒருத்தி மேல ஒருத்தி இடிச்சிகினு சண்ட. கழனி நட்டு முடிச்சவங்க இடுப்பு வலி, காய்ச்சல்னு நின்னுட்டாங்க. சந்திரம்மா அத்த நாத்து மஞ்சா பூத்துகினு கீது."

சந்திரம்மா புருஷனை இழந்தவள். பிள்ளை கிடையாது. போன நடவிலும் அதற்கு முந்தின நடவிலும் ஒரு கழனி விடாமல் எல்லோர் கழனியிலும் இறங்கியவள். ராஜேந்திரன் கழனிக்கும் வந்து நட்டவள்தான். அவன் கழனியில் பயிர் இப்போது வேர் பிடித்துக் கருகருவென்று நின்றது.

"மேஸ்திரிகிட்ட சொல்லி அண்ணனுக்குக் கொஞ்ச நாள் லீவு வாங்கிக் குடேன்" என்றாள் வேண்டா.

"புது ஆளுக்கு லீவு தர மாட்டாங்க" என்றான். இது இரண்டாவது பொய். முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

பொய் உடைந்தது மேஸ்திரியால்தான். புதன்கிழமை காலை நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் அவர் ஏசுதாஸைப் பார்த்து, "நடவெல்லாம் நல்லபடியா முடிஞ்சிதா?" என்று விசாரித்தார்.

"எங்கங்க? நடுவுல வுட்டுட்டு ஓடியாந்தேன். நீங்க ஒடனே வரச் சொன்னீங்கன்னு..."

"நான் எப்பப்பா சொன்னேன்? பொங்கல் கழிச்சி வந்தாலும் எடம் கீதுன்னுதானே இவன்கிட்ட சொல்லியனுப்பிச்சேன்."

ஏசுதாஸ் ராஜேந்திரனைப் பார்க்கவில்லை. இட்லியைத் தொட்டுத் தொட்டு வைத்துவிட்டு இலையை மடித்தான். மேஸ்திரி, "சரி, போய் முடிச்சிட்டு வா. விவசாயத்த வுட்டுட்டு வரலாமா?" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

குழாயடியில் கை கழுவும்போதுதான் ஏசுதாஸ் வாயைத் திறந்தான்.

"இன்னாத்துக்கு மச்சான் அப்டி சொன்ன?"

ராஜேந்திரன் குழாயை மூடினான், திறந்தான், மறுபடியும் மூடினான்.

"தங்கச்சி பாட்றதாலயா?"

ராஜேந்திரன் குழாயைப் பிடித்தபடி குனிந்துகொண்டான்.

"நான் அடிக்கிறப்ப அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டேன் மச்சான். என் கொழந்தைங்க மேல சத்தியமா சொல்றேன். காது மட்டும்தான் அங்க இருக்கும்."

"அந்தக் காதுதாண்டா எனக்குப் பேஜாரு" என்றான் ராஜேந்திரன். "கண்ணால பாத்திருந்தாக்கூட இவ்ளோ எரிஞ்சிருக்காது."

ஏசுதாஸ் கோபப்படுவான் என்று ராஜேந்திரன் எதிர்பார்த்தான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "சந்திரம்மா அத்த இன்னா பண்ணுச்சி மச்சான்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பையை எடுக்கப் போனான்.

அவனைத் தனியாக அனுப்ப ராஜேந்திரனால் முடியவில்லை. நியாயம் அநியாயம் எல்லாம் அப்புறம். அவன் வரப்பில் நின்று அடிக்க, அவள் பாட, தான் இங்கே கம்பியை முறுக்கிக்கொண்டு கிடக்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு அவனும் கிளம்பினான். பஸ்ஸில் இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தார்கள். வழியெல்லாம் சவுக்குத் தோப்புகள் மழையில் நனைந்து நின்றன.

பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரை மேல் ஏறியதும் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் கேட்டது. தப்பட்டை.

ஏசுதாஸ் நின்றுவிட்டான். "யாரு அது? என் தப்பட்டய எவன் எடுத்தான்?"

கொஞ்சம் திக்கித் திக்கித்தான் வந்தது அடி. ஒரு இடத்தில் தடுமாறி, மறுபடியும் பிடித்துக்கொண்டு ஓடியது. ஏசுதாஸ் வேகமாக நடந்தான். பின்னாலேயே ராஜேந்திரனும் ஓடினான். சந்திரம்மாவின் கழனி தெரிந்தது. பெண்கள் ஒரே வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பின் மேல், புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, தோளில் வாரை மாட்டி, தப்பட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தவள் வேண்டா. பக்கத்தில், தோல் இறுகத் தப்பட்டையைக் காய்ச்சிய வைக்கோல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. வரிசையின் நடுவிலிருந்து பாட்டெடுத்துக் கொடுத்தவள் ஜெசிந்தா. அவளுக்குக் குரல் கொஞ்சம் கட்டை. ஆனால் நெஞ்சிலிருந்து வந்தது. பெண்பிள்ளை தப்பட்டை அடித்து அந்தக் காலனியில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. சாலையில் போகிறவர்கள்கூட சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள்.

ராஜேந்திரன் ஏசுதாஸைத் திரும்பிப் பார்த்தான். அவன் தாடை இறுகியிருந்தது. கண் வேண்டாவின் கைக் குச்சியை விட்டு நகரவில்லை.

"தப்புத் தப்பா அடிக்கிறா" என்று முணுமுணுத்தான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இன்னும் தாழ்ந்த குரலில், "இல்ல. அந்த எடத்துல அப்டியும் அடிக்கலாம். எனக்குத் தோணல" என்றான்.

அந்த முகம் ராஜேந்திரனுக்கு நன்றாகத் தெரிந்த முகம். இரண்டு வாரமாக அவன் தன் முகத்துக்குள் வைத்துச் சுமந்த முகம் அது. தோளில் கை போடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். தைரியம் வரவில்லை.

ஏசுதாஸ் வரப்பில் இறங்கிக் கையை நீட்டினான். "குடு தங்கச்சி. நான் வந்துட்டேன்."

வேண்டா குச்சியை நிறுத்தவில்லை. அடித்துக்கொண்டே சொன்னாள். "எத்தினி நாளு இருப்பண்ணே? வேலைக்குப் போற ஆளு நீ. இன்னிக்கு நீ அடிச்சிட்டுப் போயிட்டா அடுத்த நடவுக்கு யாரு அடிப்பா? கையி இப்பத்தான் படிஞ்சி வருது. வுடு."

அவன் நீட்டிய கை அப்படியே இருந்தது. சந்திரம்மா சேற்றிலிருந்து நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ராஜேந்திரனைப் பார்த்துக் கும்பிட்டாள். "வா நைனா. ஒருத்தனுக்கு வேல வாங்கிக் குடுத்த கையி, நல்லா இருக்கணும். என் நாத்து போனாலும் போவுது, அவன் குடும்பம் பொழைக்கட்டும்னுதான் நான் இருந்தேன்."

ஏசுதாஸ் வாயைத் திறக்கவில்லை. காட்டிக் கொடுத்துவிடுவான் என்று நின்ற ராஜேந்திரனுக்கு அந்த மௌனம்தான் தாங்கவில்லை.

"அத்த, கும்புடாத" என்றான். "நடவு முடிச்சிட்டு வரட்டும்னுதான் மேஸ்திரி சொன்னாரு. ஒடனே வரணும்னு நான்தான் பொய் சொல்லி இட்டுகினு போனேன்."

தப்பட்டை நின்றது. பாட்டும் நின்றது. வரிசையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"எதுக்கு?" என்றாள் வேண்டா.

"அவன் அடிக்க நீ பாட்றத என்னால கேக்க முடில."

மடையில் தண்ணீர் விழுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு ஜெசிந்தா கையிலிருந்த நாற்றைச் சேற்றில் அழுத்தி ஊன்றிவிட்டுச் சொன்னாள்.

"அண்ணாத்தய மட்டும் கொற சொல்லாத, வேண்டா. வேல கெடச்சிடுச்சின்னு நான் ஏன் அவ்ளோ அவசரமா இவர அனுப்பி வெச்சேன்னு நெனக்கிற? எனக்கும் அதே எரிச்சல்தான். நான் சோறாக்கி வெச்சிட்டுக் கூப்புட்டா இவருக்குக் காது கேக்காது. நீ கழனில தொண்டயச் செருமினா கேக்கும்."

ஏசுதாஸ் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். வேண்டா சிரிக்கவில்லை. புருஷனையும் ஜெசிந்தாவையும் மாறி மாறிப் பார்த்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"ஆக, ஆளாளுக்குச் சேந்து என் பாட்டத்தான் நிறுத்தப் பாத்திருக்கீங்க. அது எங்க வூட்டுச் சொத்தா, அந்த அண்ணன் வூட்டுச் சொத்தா? இந்த அம்மா நாத்து வாடிப் போச்சே, அதுக்கு இன்னா சொல்றீங்க?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. வாரை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடியும் அடிக்க ஆரம்பித்தாள். முன்னைவிட ஓங்கி அடித்தாள். ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து அடுத்த அடியை எடுத்தாள். ராஜேந்திரனும் ஏசுதாஸும் சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு நாற்றங்காலுக்குப் போனார்கள்.

சந்திரம்மாவின் நாற்றில் பாதி முற்றிப்போயிருந்தது. அவனவன் வீட்டில் மீந்த நாற்றைக் கொண்டுவந்து கொடுத்து, குத்து குத்தாக நெருக்கி நட்டு ஒப்பேற்றினார்கள். அந்த வருடம் அவளுக்கு விளைச்சல் மட்டம்தான். அறுத்த பிறகு ராஜேந்திரன் தன் களத்திலிருந்து ஒரு மூட்டை நெல்லைக் கொண்டுபோய் அவள் வீட்டில் இறக்கினான். அவள் வாங்கிக்கொண்டாள், ஆனால் அதற்கப்புறம் அவனைக் கும்பிடவில்லை. மிச்சமிருந்த கழனிகளின் நடவு முடியும் வரை ராஜேந்திரன் கல்பாக்கத்துக்குத் திரும்பவில்லை. இடுப்பு வலி, காய்ச்சல் என்று நின்றுபோனவர்கள் தப்பட்டைச் சத்தம் கேட்டு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். வேண்டா அவனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. கார்த்திகை தீபத்தன்று அகலுக்கு எண்ணெய் ஊற்றும்போதுதான், "திரி எடுத்துகினு வா" என்றாள். அவன் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தான்.

ஏசுதாஸ் வேலையில் நிலைத்துவிட்டான். அடுத்த நடவுக்கு அவன் இன்னொரு தப்பட்டை கட்டி எடுத்துக்கொண்டு வந்தான். அவன் வரப்பின் ஒரு முனையில், வேண்டா மறுமுனையில், ஜெசிந்தா நடுவில் பாட்டு. சில இடங்களில் இரண்டு தப்பட்டையும் ஒன்றையொன்று விடாமல் துரத்தும். அப்போது வேண்டா வாய்விட்டுச் சிரிப்பாள். அதைக் கேட்டால் ராஜேந்திரனுக்கு இன்னமும் சுருக்கென்றுதான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் தலையில் நாற்றுக்கட்டு, காலுக்குக் கீழே வழுக்கு வரப்பு. அடுத்த அடியை எங்கே வைப்பது என்று பார்த்து நடந்தாக வேண்டும். அவன் பார்த்து நடந்தான்.